வந்தவர் எத்தனை? வரவிடப்படாதவர் எத்தனை?

2022 பிப்ரவரி 19. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நாள். ஆசிரியர்களைத் தேடி வரும் தேர்தல் பணி என்னையும் தேடி வந்தது. வாக்களிக்க வருவோரின் விரலிலே மை தீட்டும் வேலை எனக்கு. காலை 7 மணிக்குக் கதவு திறந்தோம். முதல் ஒரு மணி நேரம் முதியவர்கள் வந்தார்கள். பிறகு வேலைக்குச் செல்வோர் சிலர் விரைந்து வந்து விரைந்து போனார்கள். நண்பகலுக்குப் பின்னர், மைக்குப்பியும் நானும் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மாலையில், வந்தவர் பெயரின்கீழ்க் கோடிட்டுக் கொண்டிருந்த பட்டியலைப் புரட்டினேன். பாதிக்கு மேற்பட்ட பெயர்கள் கோடு விழாமலே கிடந்தன.

21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் எனப் பரந்து நின்ற அத்தேர்தலில், மாநிலம் முழுவதிலும் வாக்களித்தவர் நூற்றுக்கு 60.70 பேர். தருமபுரி மாவட்டத்தில் 80.49. தலைநகராம் சென்னையிலோ 43.59! கல்லூரிகள் மலிந்த நகரம், ஏடுகள் பிறக்கும் நகரம், மேடைகள் முழங்கும் நகரம் கடைசியில் நின்றது. “படித்தவன் உறங்கினான், பாமரன் விழித்திருந்தான்” என்று எங்கும் ஏளனம் எழுந்தது. நானும் அந்த ஏளனத்திலே பங்கு கொண்டேன். மறைப்பானேன்?

எங்கள் ஊர்ப் படிப்பகத்து நண்பர்கள் சிலர் கூடி ஒரு முடிவு செய்தோம். சுற்று வட்டாரத்து உள்ளாட்சி மன்றங்களை ஒவ்வொன்றாக அணுகுவது. கடந்த தேர்தல்களில் எத்தனை பேர் வாக்களித்தனர் என்று கேட்பது. பெற்ற விடைகளைத் தொகுத்து வெளியிடுவது. வராதவர்களை வெட்கமுறச் செய்வது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். ‘ஊர், ஆண்டு, பட்டியலில் உள்ளோர், வந்தோர்’ என்று கட்டங்கள் போட்டோம். சில அலுவலகங்களில் கணக்குத் தந்தார்கள். ஓர் அலுவலகத்தில், “நடந்து முடிந்த தேர்தலுக்குக் கணக்கு எதற்கு?” என்று கேட்டு அனுப்பி வைத்தார்கள்.

ஒருநாள் மாலை, படிப்பகத்துக்கு நாள்தோறும் வரும் பெரியவர் ஒருவர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். இறுதிவரை பார்த்துவிட்டு, “தம்பி! வந்தவருக்குக் கட்டம் வைத்திருக்கிறாய். வரவே விடாமல் வைத்திருந்தார்களே, அவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவாய்?” என்று கேட்டார்.

“தெரியவில்லை, ஐயா” என்றேன். அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோதுதான் வரலாற்றைப் புரட்ட வேண்டியதாயிற்று. புரட்டியபின் நோட்டின் கட்டங்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

தோழர்களே! உள்ளாட்சி என்றதும் மேடையிலே ஒரு பெருமை முழங்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் கண்ட இனம் நாம், உத்தரமேரூரைப் பாரீர், குடவோலையைப் பாரீர் என்பார்கள். பார்ப்போம். கல்வெட்டு பொய் சொல்லாது. நாம்தான் அதனைப் பாதி படித்துவிட்டுப் பெருமூச்செறிகிறோம்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அந்த முறையை விளக்குகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு என்பது இன்றைய வட்டம் போன்றது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலை நறுக்குகளில் எழுதப்பட்டன. ஓலைகள் குடத்தில் இடப்பட்டன. ஒரு சிறுவன் கைவிட்டு எடுத்தான். எடுத்த ஓலைக்குரியவர் வாரியத்தில் அமர்ந்தார். ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர்.

இங்கே வாக்கு எங்கே? வாக்காளர் எங்கே? நடந்தது சீட்டுக் குலுக்கல். சரி, அந்தக் குடத்திலே விழுந்த ஓலைகள் யாருடையவை? கால் வேலிக்கு மேற்பட்ட, இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35 முதல் 70க்குள் இருக்க வேண்டும். வேதப் பயிற்சியும் வேண்டும்! நிலம் குறைந்தவர்க்கு ஒரு சலுகை இருந்தது: அரைக்கால் வேலி போதும், ஆனால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றிருக்க வேண்டும். அந்த ஊர் ஒரு சதுர்வேதிமங்கலம். அந்தச் சபை அந்தணர் சபை. உழுதவன் பெயருக்கு ஓலை இல்லை. நெய்தவன் பெயருக்கு ஓலை இல்லை. எந்தப் பெண்ணின் பெயருக்கும் ஓலை இல்லை. அந்தணர் ஊர்களில் சபை, வேளாளர் ஊர்களில் ஊர், வணிகர் ஊர்களில் நகரம் என மன்றங்கள் பல இருந்தன, உண்மை. ஆனால், முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலே ‘தீண்டாச்சேரி’ என்றும் ‘பறைச்சேரி’ என்றும் குறிக்கப்பட்ட இடங்களில் வாழ்ந்தவர்களுக்கு எந்த மன்றம்? எந்தக் குடம்?

அந்தக் கல்வெட்டிலே பாராட்டத்தக்கதும் உண்டு. அதை மறைப்பது அறிவுடைமை ஆகாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினர்க்கும் மறுபடி இடமில்லை என்று விதித்திருக்கிறார்கள். மூன்றாண்டுகளுக்குள் பதவியில் இருந்தவன் மீண்டும் வரலாகாது என்று விதித்திருக்கிறார்கள். பொதுப் பணத்தைத் தொட்டவன் கணக்குக் காட்ட வேண்டும் என்ற அந்த நெறி நமக்கு இன்றும் வேண்டும். ஆனால் அதைக் குடியாட்சி என்று கொண்டாடுவது, வேலிக்குள் நின்றவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஊரையே எண்ணியதாகச் சொல்வதாகும். குடத்தில் ஓலை இட்டவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தாலும், அது நூற்றுக்கு நூறுதான். அந்த நூறுக்கு என்ன பொருள்?

காலம் கடந்தது. வெள்ளையர் வந்தனர். சென்னை மாநகராட்சி 1688 இல் தோன்றியது. ஒரு மேயர், 12 ஆல்டர்மன்கள். கும்பினியின் கட்டளைப்படி அமர்த்தப்பட்டவர்கள். நகரத்து மக்கள் வரி செலுத்துவதற்காக எண்ணப்பட்டார்கள், வாக்களிப்பதற்காக எண்ணப்படவில்லை. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1882 மே 18 அன்று, ரிப்பன் பிரபு தம் தீர்மானத்தை வெளியிட்டார். உள்ளாட்சி மன்றங்களில் அரசு அலுவலர் அல்லாதோர் மூன்றில் இரு பங்கினராக இருத்தல் வேண்டும், இயன்ற இடங்களில் தேர்தல் வேண்டும், மக்கள் ஆட்சிப் பயிற்சி பெறுவதற்கு அதுவே பள்ளி என்பது அதன் கருத்து. 1884 இல் சென்னை மாகாணத்துக்குச் சட்டங்கள் வந்தன. இன்று மாநகராட்சி இயங்கும் மாளிகை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பள்ளி திறந்தது, ஆனால் சேர்க்கைக்குப் பணம் கேட்டது. வரி கட்டியவனுக்குத்தான் வாக்கு, சொத்து உடையவனுக்குத்தான் வாக்கு என்றது சட்டம். முன்பு வேதமும் வேலி நிலமும் கேட்டவர்கள் இருந்த இடத்தில், இப்போது வரி ரசீது கேட்பவர்கள் நின்றார்கள். 1920 இல் நகராட்சிகளுக்கும், ஜில்லா போர்டுகளுக்கும், கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் புதிய சட்டங்கள் வந்தன. அவ்வாண்டு டிசம்பரில் ஆட்சிக்கு வந்த நீதிக்கட்சியின் பனகல் அரசர், உள்ளாட்சித் துறையின் அமைச்சரானார். 1921 இல் சென்னைச் சட்டமன்றம், பெண் என்ற காரணத்தால் அம்மன்றத் தேர்தலில் வாக்கு மறுக்கும் தடையை நீக்கியது. கதவு இன்னும் சிறிது திறந்தது. ஆனால் சொத்துத் தகுதி அப்படியே நின்றது. சொத்தில்லாப் பெண்ணுக்கு அந்த உரிமை ஏட்டளவில்தான்.

வாக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்கு 1924 ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன். பொதுச்சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும், பொது இடங்களில் நுழையவும் எவரையும் தடுக்கலாகாது என்று இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது. சாலையும் கிணறும் குளமும் யாருடைய பொறுப்பில் இருந்தன? பெரும்பாலும் உள்ளூர் மன்றங்களின் பொறுப்பில்! சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் எழுந்து நின்றாலும், அது ஊர்க் கிணற்றடிக்கு வரும்போது, அங்கே உட்கார்ந்திருப்பவன் யார் என்பதைப் பொறுத்தே உயிர் பெறும், அல்லது உயிர் விடும். தில்லி எங்கோ இருக்கிறது. கோட்டை எங்கோ இருக்கிறது. கிணறு வீட்டெதிரே இருக்கிறது. உள்ளாட்சி என்பது அந்தக் கிணற்றின் கயிறு.

1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்றது. வேதம் வேண்டாம், வேலி நிலம் வேண்டாம், வரி ரசீது வேண்டாம். 21 வயது போதும் என்றது. 1989 முதல் 18 வயதே போதும் என்றாயிற்று. 1958 ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் சிற்றூர்தோறும் பஞ்சாயத்து, அதன்மேல் ஒன்றியம் என்று அமைத்தது. இனி யாவும் நலமே என்று எண்ணத் தோன்றும். ஆனால் இங்கேதான் வேறொரு பூட்டுத் தொங்குகிறது.

பட்டியலில் பெயர் இருக்கிறது, வாக்குச்சாவடிக்குக் கட்டடம் இருக்கிறது, தேர்தல்தான் இல்லை! சென்னை மாநகராட்சி மன்றம் 1973 இல் கலைக்கப்பட்டது. மறுபடி தேர்தல் நடந்தது 1996 அக்டோபரில். 23 ஆண்டுகள்! 1973 இல் பிறந்த குழந்தை வளர்ந்து, படித்து, வேலைக்குச் சென்று, மணமும் முடித்த பின்னர்தான் தன் நகரத்து மன்றத்துக்கு முதல் வாக்கை அளிக்க முடிந்தது. கலைத்த ஆட்சி நமக்கு நெருங்கிய ஆட்சியாயிற்றே என்று இதனைச் சொல்லாமல் விடலாமா? அதற்குப் பின் வந்த ஆட்சிகளும் திறக்கவில்லையே என்று சொல்லித் தப்பலாமா? எவர் பூட்டினாலும் பூட்டு பூட்டுத்தான். கேள்வியைப் பகைவனுக்கு மட்டும் வைத்திருப்பவன் பகுத்தறிவாளன் அல்லன்.

1993 இல் அரசியலமைப்பின் 73, 74 ஆம் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக் காலம் முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடித்தல் வேண்டும் என்று அவை கட்டளையிட்டன. 1996, 2001, 2006, 2011 எனத் தேர்தல்கள் ஒழுங்காக நடந்தன. 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. பழங்குடியினர்க்குரிய இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில், தேர்தல் அறிவிக்கையை உயர்நீதிமன்றம் நீக்கியது. குறையைத் திருத்தி உடனே தேர்தல் நடத்தினார்களா? ஊராட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. எஞ்சிய 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் வரை இல்லை. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரை இல்லை. அதுவரை தனி அலுவலர் ஆட்சி. 2019 இல் தேர்வான ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோதும், புதியவர்களைத் தேர்ந்தெடுக்காமலேயே தனி அலுவலர்கள் மீண்டும் பொறுப்பேற்றார்கள்.

அந்த ஆண்டுகளில் வாக்களித்தவர் எத்தனை விழுக்காடு? எந்த ஏட்டிலும் விடை இராது. பூச்சியம் என்று கூட எழுதியிருக்க மாட்டார்கள். நடக்காத தேர்தலுக்குக் கட்டமே கிடையாது. வராதவனை நாம் சோம்பேறி என்கிறோம். அழைக்காதவனை என்னவென்று அழைப்பது?

இனிச் சொல்லப்போவது இதனினும் கொடிது. தேர்தல் அறிவிக்கப்பட்டது, பட்டியலில் பெயர் இருந்தது, சாவடியும் திறந்திருந்தது. ஆனால் நிற்க எவரையும் விடவில்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி, 1996 இல் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. நாற்காலியில் அவன் உட்காருவதா என்று சாதி சீறியது. பத்தாண்டுகள்! மனுச் செய்ய ஆள் இல்லை. மனுச் செய்து வென்றாலும், ஏவியவர் சொற்படி உடனே பதவி விலகல். 2006 அக்டோபரில்தான், அரசும் மாவட்ட நிருவாகமும் முனைந்து நின்றபின், அங்கே தேர்தல் முறையாக நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள்.

மேலவளவை மறப்போமா? அதுவும் மதுரை மாவட்டம்; அதுவும் ஒதுக்கப்பட்ட ஊராட்சி. அச்சுறுத்தலால் தேர்தல் தடைப்பட்டுத் தடைப்பட்டு, இறுதியில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, பேருந்தில் வந்து கொண்டிருந்த அவரும் அவருடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர் செய்த குற்றம், வேட்புமனுவிலே கையெழுத்திட்டது; வென்றது; விலக மறுத்தது. குடவோலைக் காலத்தில் அவர் பெயருக்கு ஓலை இல்லை. வெள்ளையர் காலத்தில் அவர் முன்னோரிடம் வரி ரசீது கேட்டார்கள். குடியரசில் ஓலையும் கிடைத்தது, சீட்டும் கிடைத்தது. அதற்கு விலையாக உயிரைக் கேட்டது சாதி.

ஏலம் என்றொரு வழக்கமும் நம் சிற்றூர்களில் இருக்கிறது. கோயிலுக்கோ ஊர்ப் பொதுவுக்கோ இவ்வளவு தொகை தருகிறேன் என்று கூறுபவனுக்குத் தலைவர் பதவி. மற்றவர் எவரும் நிற்கலாகாது என்று ஊர்க் கட்டுப்பாடு. அதற்குப் பெயர் ‘போட்டியின்றித் தேர்வு’. ஒற்றுமை என்று புகழ்வோரும் உளர். ஊர் முழுதும் பேச அஞ்சி நிற்பது ஒற்றுமையா? அந்த ஊரில் வாக்குப்பதிவே இல்லை. ஆகவே விழுக்காடும் இல்லை. ஆகவே கணக்கெடுப்பவன் கண்ணுக்கு அந்த ஊரே இல்லை!

இத்தனையும் படித்தபின், தோழர்களே, எங்கள் நோட்டைக் கிழித்தெறியவில்லை. கட்டங்களை மாற்றி வரைந்தோம். ஒவ்வொரு மன்றத்தையும் அணுகி இப்போது நாங்கள் கேட்பவை நான்கு. முதலாவது: உரிய காலத்தில் தேர்தல் நடந்ததா? இல்லையெனில் எத்தனை ஆண்டு இழப்பு? இரண்டாவது: பட்டியல் செம்மையானதா? இறந்தவர் பெயரும் குடிபெயர்ந்தவர் பெயரும் அதில் எவ்வளவு? வாடகை வீட்டுக்கு வீடு மாறும் நகரத்து ஏழையின் பெயர் எந்தத் தெருவில் கிடக்கிறது? மூன்றாவது: போட்டி இருந்ததா? ஒதுக்கப்பட்ட இடங்களில் நின்றவர் தம் விருப்பால் நின்றாரா, வென்றபின் நாற்காலியில் அமர்ந்தாரா? இவற்றுக்குப் பின்னரே நான்காவது: வந்தவர் எத்தனை பேர்?

முதல் மூன்றையும் கேளாமல் நான்காவதை மட்டும் கேட்பவன், பள்ளியைப் பூட்டிவிட்டு மாணவர் வருகைப் பதிவேட்டைப் பார்க்கும் ஆசிரியனுக்கு ஒப்பானவன். 2019 டிசம்பரில் சிற்றூர்களில் நூற்றுக்கு 76 பேருக்கு மேல் வாக்களித்தார்கள். பெருமைதான். ஆனால் அந்த 76க்குள் அச்சத்தால் அழைத்து வரப்பட்டவர் இருந்தாரா என்று கேட்காமல் பெருமை முற்றுப் பெறாது. சென்னையின் 43.59 இழிவுதான். ஆனால் 23 ஆண்டுகளும், பின்னர் ஐந்தாண்டுகளுக்கு மேலும் மன்றமே இல்லாமல் வாழப் பழக்கப்பட்ட நகரத்துக்கு, அந்த மன்றத்தால் என்ன பயன் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் ஏளனமும் முற்றுப் பெறாது.

ஆயினும் ஒன்று. வரலாற்றைக் காட்டி வராதவர்க்கு மன்னிப்பு வழங்க நான் வரவில்லை. 1688 இல் தொடங்கிய சென்னை மாநகராட்சிக்கு, 2022 மார்ச்சில், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பெண் ஒருவர், ஆர். பிரியா, முதன்முறையாக மேயரானார். 334 ஆண்டுகள் ஆயின, அந்த நாற்காலிக்கு அப்படி ஒருவர் வர! அவர் வரக் கதவு திறந்த அதே தேர்தலில்தான், நூற்றுக்கு 56 பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வேதம் கேட்டுத் தடுத்த நாளில் நாம் வெளியே நின்றோம். வரி கேட்டுத் தடுத்த நாளிலும் வெளியே நின்றோம். அரிவாள் காட்டித் தடுத்த நாளில், முருகேசன் போன்றோர் உள்ளே நுழைந்து மடிந்தார்கள். யாரும் தடுக்காத நாளில் நாமாகவே வெளியே நிற்பதா?

கோடு விழாத அந்தப் பெயர்கள் இன்னும் என் கண்முன் நிற்கின்றன. அவற்றில் சில, இறந்தவர் பெயர்கள். சில, ஊர் மாறியவர் பெயர்கள். எஞ்சியவை என்னைப் போல் படித்தவர்களின் பெயர்கள். முதல் இரண்டுக்கும் அலுவலகம் விடை சொல்ல வேண்டும். மூன்றாவதற்கு நாம்தான் விடை சொல்ல வேண்டும்.

ஆகவே, படிப்பகங்களில் கூடும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆளுக்கொரு நோட்டு வாங்குங்கள். உங்கள் ஊர் மன்றத்தின் படியேறுங்கள். நான்கு கேள்விகளையும் வரிசை மாற்றாமல் கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்ல மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது, எழுத்தில் கேளுங்கள். எங்கள் நோட்டை அந்தப் பெரியவரிடம் மறுபடி காட்டினேன். கட்டங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். “இப்போது சரி, தம்பி. நம் தெருவிலிருந்து தொடங்கு” என்றார். தொடங்கியிருக்கிறோம்.